தோட்டாவும் வெயிலும்: கையால் மருந்து அடைக்கும் கலையின் வரலாறு

ரைஃபிள் தோட்டா ஒன்றுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்திய பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு குண்டும் மருந்தும் போய்விடும். பிரைமர் பயனற்றுப் போகும். நான்கில் விலை மிகுந்த கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டைத் துடைத்து, அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை அளந்து இட்டு, புதுக் குண்டு செருகி மறுபடி தோட்டாவாக்குவதே கையால் தோட்டா அடைத்தல். சிக்கனத்துக்காகவும் தோட்டா கிடைக்காத இடங்களின் தேவைக்காகவும் தொடங்கிய இந்த வழக்கம், 20ஆம் நூற்றாண்டில் துல்லியத்துக்கான கலையாக வளர்ந்தது.

இந்தக் கலையின் வரலாறு பெரிதும் மருந்தின் வரலாறு. மருந்தின் வரலாறோ, 1880களுக்குப் பிறகு, பெரும்பகுதி வெப்பத்தோடு நடந்த போராட்டம். வெப்பம் மருந்தை இரண்டு வகையில் பாதிக்கிறது. நாள்பட்ட வெப்பம் மருந்தின் வேதியமைப்பைச் சிதைத்து அதைக் கெட்டுப்போகச் செய்கிறது. முற்றினால் தானாகவே தீப்பிடிக்கவும் செய்கிறது. சுடும் நேரத்து வெப்பம், மருந்து கெடாமல் இருந்தாலும், அது எரியும் வேகத்தை மாற்றிவிடுகிறது. முதல் சிக்கலைத் தீர்க்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. இரண்டாவதற்கு ஓரளவு விடை கிடைக்க நூறு ஆண்டுகள் பிடித்தன. இன்று வெப்பநிலைக்கு அசையாத மருந்துகள் என்று விற்கப்படுபவை அந்த இரண்டாம் தேடலின் பயன்.

கருமருந்துக் காலம்

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த கருமருந்தே பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கியின் ஒரே மருந்தாக இருந்தது. ஐரோப்பாவில் நிலைபெற்ற கலவையில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். பீகாரின் வெடியுப்பை டச்சு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் பெருமளவில் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றின. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்த அந்தக் காலத்தில் சுடுபவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே அடைத்தவர்தான்.

கருமருந்து வெப்பத்தைப் பொருட்படுத்தாத பொருள். அதற்குப் பகை ஈரம். வெடியுப்பில் கலந்துவிட்ட பிற உப்புகள் காற்றிலுள்ள நீரை உறிஞ்சினால் மருந்து மந்தமாகும். உலர்வாக வைத்தால் எத்தனையோ ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். எடைபோட வேண்டியதில்லை, சிறு கிண்ணத்தால் மொண்டு இட்டாலே போதும். கூடு நிறைய நிரப்பினாலும் அந்தத் துப்பாக்கி தாங்குமளவுக்கு மேல் அழுத்தம் ஏறாது. கருமருந்துத் தோட்டாக்களின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 25,000 பவுண்டு அளவிலேயே நின்றது.

உலோகக் கூடுகள் வந்ததும் கையால் அடைப்பது தனித் தொழிலாயிற்று. 1866இல் இரண்டு வகைப் பிரைமர்கள் காப்புரிமை பெற்றன. ஒன்று அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசுடும் படைக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பெர்டனுடையது. மற்றொன்று லண்டனின் வூலிச் படைக்கலச் சாலையில் பணியாற்றிய எட்வர்ட் பாக்ஸருடையது. பெர்டன் வகையில் பிரைமர் மோதும் முனை கூட்டோடு சேர்ந்தே இருக்கும். தீ உட்செல்லும் துளைகள் இரண்டு, பக்கவாட்டில். பாக்ஸர் வகையில் அந்த முனை பிரைமருக்குள்ளேயே அடங்கும். துளை ஒன்றே, நடுவில். நடுத்துளை இருந்தால் உள்ளிருந்து ஒரு ஊசியால் தட்டிப் பழைய பிரைமரை ஒரே அடியில் வெளியேற்றலாம். ஆங்கிலேயர் கண்ட பாக்ஸர் பிரைமர் அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கர் கண்ட பெர்டன் பிரைமர் ஐரோப்பாவில் பரவியது. கையால் தோட்டா அடைக்கும் வழக்கம் அமெரிக்காவில் தழைத்து ஐரோப்பாவில் மெலிந்ததற்கு இந்தச் சிறு துளையும் ஒரு காரணம்.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் ஷார்ப்ஸ் ரைஃபிள்களோடு ஈயக் கட்டிகளையும் மருந்துப் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். இரவில் முகாம் நெருப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, அன்று சுட்ட கூடுகளையே மறுநாளுக்கு அடைத்தார்கள். கடையும் இருப்புப்பாதையும் பல நாள் பயணத் தொலைவில் இருந்ததால் இது அவர்களுக்கு வாழ்க்கை முறையாக இருந்தது. 1884இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடுக்கி போன்ற ஒரே கருவியில் பிரைமர் நீக்குவது, பொருத்துவது, குண்டு செருகுவது எல்லாம் முடியும்படி செய்து விற்றது. அது வெளியிட்ட கையேடுகள் இந்தக் கலையின் முதல் பாடநூல்கள். 1925இல் அந்த நிறுவனம் லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. லைமன் பெயரில் அடைப்புக் கையேடுகள் இன்றும் வெளிவருகின்றன.

புகையில்லா மருந்தின் பிறப்பு

1846இல் வேதியியலாளர் கிறிஸ்டியன் ஷான்பைன் பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் தோய்த்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். புகையில்லாமல், கரிப்படிவு விடாமல் எரிந்த அந்தப் பொருள் துப்பாக்கிக்கு ஏற்றதாகத் தோன்றியது. ஆனால் அது எரியும் வேகம் யார் கட்டுக்கும் அடங்கவில்லை. 1847இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமிலும், 1871இல் ஸ்டோமார்க்கெட்டிலும் வெடிபஞ்சு ஆலைகள் வெடித்துப் பலர் மாண்டனர்.

விடை கண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய். 1884இல் அவர் வெடிபஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கரைப்பானில் பிசைந்து பசையாக்கி, மெல்லிய தகடாக இழுத்து, சிறு செதில்களாக நறுக்கினார். நுண்துளைகள் நிறைந்த பஞ்சு இப்போது துளையில்லாத கட்டிப் பொருளாயிற்று. தீ உள்ளே புகாமல் மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக உள்நோக்கி எரிந்தது. செதிலின் பருமனை மாற்றினால் எரியும் நேரம் மாறும். மருந்தின் வடிவத்தாலேயே அதன் நடத்தையைத் தீர்மானிக்கலாம் என்ற இந்தக் கருத்தே இன்றைய எல்லா ரைஃபிள் மருந்துகளுக்கும் அடிப்படை. பூத்ர் பி என்ற அந்த மருந்தோடு பிரான்சின் 1886 மாதிரி லெபல் ரைஃபிள் படையில் சேர்ந்ததும் மற்ற நாடுகளின் துப்பாக்கிகள் ஒரே நாளில் பழசாயின.

ஆல்ஃபிரட் நோபல் 1887இல் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கற்பூரத்துடன் சேர்த்து பாலிஸ்டைட் மருந்தைச் செய்தார். 1889இல் பிரிட்டனின் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின் சேர்த்து, அசிட்டோனில் பிசைந்து, நூல்போல் பிழிந்து எடுத்தார்கள். அதுவே கார்டைட். தம் கண்டுபிடிப்பைப் பறித்துவிட்டதாக நோபல் தரப்பு தொடுத்த வழக்கு 1895இல் பிரபுக்கள் சபை வரை சென்று தோற்றது. வெடிபஞ்சு மட்டும் கொண்டவை ஒற்றை அடிப்படை மருந்துகள் என்றும், நைட்ரோகிளிசரினும் கலந்தவை இரட்டை அடிப்படை மருந்துகள் என்றும் இரண்டு குலங்களாகப் பிரிந்தது அப்போதுதான்.

புகையில்லா மருந்து கையால் அடைப்பவரிடம் புதிய ஒழுக்கத்தை எதிர்பார்த்தது. இதன் அழுத்தம் கருமருந்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அமெரிக்காவின் .30-06 தோட்டாவுக்கு இன்றைய வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. பழைய பழக்கத்தில் கிண்ணத்தால் மொண்டு நிரப்பியவர்களின் துப்பாக்கிகள் சிதறின. மருந்தை எடைபோட வேண்டியதாயிற்று. கிரெய்ன் என்ற அளவு, ஒரு கிராமில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு, இந்தத் தொழிலின் அன்றாட மொழியானது. தராசு மேசைக்கு வந்தது. வெப்பமானி வர இன்னும் நாள் இருந்தது.

முதல் தொல்லை: மருந்து கெடுதல்

நைட்ரிக் அமிலத்தால் ஆன வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் மெல்ல மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அந்த வாயுக்கள் வெளியேறாவிட்டால் எஞ்சிய மருந்தையும் தாக்கிச் சிதைவை விரைவுபடுத்தும். சிதைவில் வெப்பம் எழும். வெப்பம் மேலும் சிதைவைத் தூண்டும். வெயில் மிகுந்த நாட்டில், காற்றோட்டமில்லாத கிடங்கில் இந்தச் சுழற்சி முற்றினால் தீயில்தான் முடியும்.

ஏபல் இதற்கு ஒரு சோதனை வகுத்திருந்தார். மருந்தைக் கண்ணாடிக் குழாயில் சுமார் 70 பாகை செல்சியஸில் சூடாக்கி, மேலே பொட்டாசியம் அயோடைடும் மாவும் தோய்த்த தாள் ஒன்றைத் தொங்கவிடுவது. தாள் நிறம் மாற எத்தனை நிமிடம் ஆகிறது என்பது மருந்தின் உடல்நிலையைச் சொல்லும். ஏபல் சோதனை என்ற பெயரிலேயே அது பல பத்தாண்டுகள் வழங்கியது.

சோதனை நோயைக் காட்டியதே தவிரத் தீர்க்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பூத்ர் பியில் ஏமைல் ஆல்கஹால் சேர்த்தார்கள். அது நாளடைவில் ஆவியாகிவிட்டது. 1907 மார்ச்சில் துலோன் துறைமுகத்தில் ஈனா போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1911 செப்டம்பரில் அதே துறைமுகத்தில் லிபெர்த்தே வெடித்துச் சுமார் 300 பேர் மாண்டனர். இரண்டுக்கும் கெட்டுப்போன மருந்தே காரணம் எனக் கொள்ளப்பட்டது. அதன்பின் பிரான்ஸ் டைஃபினைலமைன் என்ற பொருளுக்கு மாறியது. நைட்ரஜன் ஆக்சைடு எழுந்தவுடன் அதைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும் இந்தப் பொருளை, மருந்தில் நூற்றுக்கு ஒரு பங்களவு சேர்த்தாலே பல பத்தாண்டுகள் மருந்தைக் காக்கும். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்துகளில் சென்ட்ராலைட் என்ற பொருள் அந்தக் காவலைச் செய்தது. கார்டைட்டில் குழல் தேய்மானத்தைக் குறைக்கும் எண்ணத்தில் சேர்த்த வாசலினும் மருந்தைக் கெடாமல் காக்கிறது என்பது பின்னர் தெரிய வந்தது.

வெப்ப நாடான இந்தியாவின் படைக்கு வேண்டிய கார்டைட்டை இங்கிலாந்திலிருந்து வெயிலும் கடலும் கடந்து கொண்டுவருவதற்கு மாற்றாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் ஆலை எழுந்தது. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் அமைந்த கார்டைட் தொழிற்சாலைக்கு, காட்டேரி அருவியின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது; இந்தியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது; மலை ரயிலில் அருவங்காடு ஒரு நிலையமானது. படகர் ஊர்களிலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்தார்கள். 2021 அக்டோபரில் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் பகுதியாயிற்று. தமிழ் மண்ணில் புகையில்லா மருந்தின் வரலாறு அந்த மலைச்சரிவில் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது.

இரண்டாம் தொல்லை: ஏறும் அழுத்தம்

கெடாத மருந்தும் வெயிலில் வேறு விதமாக எரிந்தது. மருந்து மணியின் மேற்பரப்பு எரிய வேண்டுமானால் அது தீப்பற்றும் நிலைவரை சூடேற வேண்டும். ஏற்கெனவே சூடாக இருக்கும் மணிக்கு அந்தத் தூரம் குறைவு. ஆகவே அடுக்குகள் விரைவாக எரிகின்றன. விரைவாக எரிந்தால் வாயு விரைவாகச் சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் விரைவாக எரியும் என்பது புகையில்லா மருந்தின் இயல்பு. இப்படித் தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு குழலுக்குள் பெருகிவிடுகிறது. குண்டின் வேகத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடும்போது, உச்ச அழுத்தம் அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் கூடியிருக்கும்.

இதை முதலில் கண்கூடாக அறிந்தவர்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கார்டைட் ரைஃபிள்களோடு வேட்டைக்குப் போனவர்கள். இங்கிலாந்தின் குளிரில் சோதித்துச் சரியென்று கண்ட தோட்டாக்கள், வெயிலில் காய்ந்த துப்பாக்கியில் அழுத்தம் மிகுந்து, கூடு விரிந்து, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டன. காயம்பட்ட விலங்கின் எதிரே சுட்ட கூடு வெளிவராமல் போனால் வேட்டைக்காரரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே பிரிட்டிஷ் ஆலைகள் சில தோட்டாக்களை வெப்ப நாடுகளுக்கென்றே குறைந்த மருந்தோடு அடைத்து விற்றன.

துப்பாக்கி செய்வோர் தோட்டாவின் வடிவத்திலேயே விடை தேடினார்கள். 1911இல் ஜான் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .416 ரிக்பியின் கூடு, அதில் இடும் மருந்துக்குத் தேவையானதைவிடப் பெரியது. இடம் தாராளமாக இருந்ததால் அழுத்தம் தாழ்ந்தே நின்றது. கடும் வெயிலில் ஏறினாலும் எல்லைக்குள் அடங்கியது. 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னம், நீண்டு சரிந்த கூட்டோடு, எவ்வளவு சூட்டிலும் எளிதாகக் கழன்று வரும்படி அமைந்தது. மருந்தை மாற்ற முடியாத காலத்தில் கூட்டை மாற்றி வெப்பத்துக்கு இடம் விட்டார்கள். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையாண்ட .450/400 இரட்டைக்குழல் ரைஃபிளும் பெரிய கூடு, தாழ்ந்த அழுத்தம் என்ற இதே மரபில் வந்தது.

  

கார்டைட்டில் கையால் அடைப்பது எளிதாக இருக்கவில்லை. .303 தோட்டாவில் நூல்போன்ற கார்டைட் கட்டு குறுகிய கழுத்து வழியே நுழையாது. ஆலையில் கூட்டின் கழுத்தை நெருக்குவதற்கு முன்பே கார்டைட்டை உள்ளே வைத்து, பிறகுதான் கழுத்தை அமைத்தார்கள். வீட்டு மேசையில் அது இயலாது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் கையால் ரைஃபிள் தோட்டா அடைக்கும் வழக்கம் பரவாததற்கு, கடுமையான உரிமச் சட்டங்களோடு இதுவும் ஒரு காரணமாயிற்று.

அமெரிக்க மேசைகள்

சிறு மணிகளாக வரும் மருந்தையும் பாக்ஸர் பிரைமரையும் கையில் கொண்டிருந்த அமெரிக்காவில் இந்தக் கலை தொடர்ந்து வளர்ந்தது. டூபாண்ட் நிறுவனம் வெடிபஞ்சு மருந்தைத் துளையுள்ள சிறு உருளைகளாக நறுக்கி, மேற்பரப்பில் எரிதலைத் தணிக்கும் பூச்சு ஏற்றியது. பூச்சு இருப்பதால் மருந்து தொடக்கத்தில் மெதுவாக எரியும். குண்டு நகர்ந்து இடம் பெருகிய பிறகு விரைவு கொள்ளும். மேம்படுத்திய படை ரைஃபிள் மருந்து எனப் பொருள்படும் ஐ.எம்.ஆர் வரிசை இப்படிப் பிறந்தது. 1930களில் வந்த 4064, 4198, 4320 முதலிய எண்கள் பல பத்தாண்டுகள் கடைகளில் விற்றன. 1933இல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் ஃபிரெட் ஓல்சன் நீருக்குள்ளேயே மருந்தை உருண்டை மணிகளாக்கும் முறையைக் கண்டார். விரைவும் பாதுகாப்பும் கொண்ட அந்த முறையில் பிறந்த உருண்டை மருந்து அளவுகருவியில் மணல்போல் வழுக்கி விழும். ஆனால் உருண்டையின் மேற்பரப்பு எரிய எரியச் சுருங்குவதால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பூச்சையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. பழைய உருண்டை மருந்துகள் பலவும் வெப்பநிலைக்கு ஏற்ப அதிகம் மாறின.

1937இல் பிலிப் ஷார்ப் எழுதிய பெருநூல் இந்தத் துறையின் அறிவை ஒன்று திரட்டியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கப் படையிடம் மிச்சமான மருந்து மலையாகக் குவிந்தது. கன்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலங்களாக அஞ்சலிலும் ரயிலிலும் விற்றார். எம்1 காரண்ட் ரைஃபிளுக்கான 4895, 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கான 4831 இரண்டும் அப்படித்தான் வீடுகளுக்கு வந்தன. மலிவான மருந்து, போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள், அச்சுகளும் குண்டுகளும் செய்யத் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ், ஸ்பியர், ஹார்னடி, சியரா, நாஸ்லர் போன்ற புதிய பட்டறைகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததும் கையால் தோட்டா அடைப்பது பல லட்சம் பேரின் பழக்கமாயிற்று.

மருந்தின் உண்மை நடத்தையை அளக்கும் கருவி அவர்கள் கைக்குத் தாமதமாகவே வந்தது. குண்டின் வேகத்தை அளக்கும் ஊசல் கருவியை பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியான நூலில் விளக்கியிருந்தார். 19ஆம் நூற்றாண்டில் லெ பூலாஞ்சே மின்கருவி வந்தது. இவை சோதனைக்கூடங்களுக்குரியவை. 1960களுக்குப் பிறகு டெக்சாஸ் மாநிலத்தின் கென் ஓலர் போன்றோர் எளிய மின்னணு வேகமானிகளைச் செய்து விற்றபோதுதான், ஒரே தோட்டா குளிர்காலத்தில் ஒரு வேகத்திலும் கோடையில் வேறு வேகத்திலும் பாய்வதை வீட்டு அடைப்பாளர் தம் கண்ணால் எண்ணாகக் கண்டார். நெடுந்தொலைவில் குறி மேலும் கீழும் நகர்வதற்குக் கையும் காற்றும் மட்டும் காரணமல்ல என்று அந்த எண்கள் காட்டின.

மருந்தை மாற்றுவதன் விலை என்ன என்பதை 1960களின் வியட்நாம் போர் உலகுக்குக் காட்டியது. எம்16 ரைஃபிள் ஐ.எம்.ஆர் 4475 மருந்தோடு வடிவமைக்கப்பட்டது. தோட்டாவுக்கு வேண்டிய வேகத்தையும் அழுத்த வரம்பையும் அதனால் ஒருசேரப் பெற முடியாமல், படை உருண்டை மருந்தான டபிள்யூ.சி 846க்கு மாறியது. வேகம் சரியாக இருந்தது. ஆனால் குழலின் நடுவே வாயு எடுக்கும் துளையருகே அழுத்தம் கூடியதால் ரைஃபிள் வடிவமைத்ததைவிட விரைவாக இயங்கியது, படிவும் கூடியது. துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டு வீரர்கள் உயிரிழந்தனர். குழலுக்குக் குரோமியப் பூச்சு இல்லாததும், துடைக்கும் பொருள்கள் வழங்கப்படாததும் சேர்ந்தே அந்தக் கேட்டை விளைவித்தன. 1967இல் அமெரிக்கப் பேரவையின் இக்கார்ட் குழு இதை விரிவாக விசாரித்தது. ஒரே வேகம் தரும் இரண்டு மருந்துகள் ஒரே மருந்தல்ல என்ற பாடம் அதன்பின் யாருக்கும் ஐயமற விளங்கியது.

வெப்பத்துக்கு அசையாத மருந்துகள்

பாலையும் பனியும் ஒரே படைக்கு வாய்க்கும் காலத்தில், எல்லா வெப்பநிலையிலும் ஒரே மாதிரி எரியும் மருந்து ராணுவத் தேவையாயிற்று. அந்தத் தேவைக்குச் சிறந்த விடைகளில் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸில் மர்ரி ஆற்றங்கரையில் உள்ள முல்வாலா ஆலை இரண்டாம் உலகப்போரில் எழுந்தது. 1989இல் அது ஏ.டி.ஐ எனப்படும் ஆஸ்திரேலியப் படைக்கலத் தொழில் நிறுவனத்தின் கீழ் வந்தது. இப்போது அதை நடத்துவது தாலெஸ் நிறுவனம். அங்கே செய்த ஒற்றை அடிப்படை மருந்துகள் வெயிலிலும் குளிரிலும் மிகக் குறைவாகவே மாறின.

ஹாட்ஜ்டன் நிறுவனம் 1990களில் இவற்றை அமெரிக்காவில் எக்ஸ்ட்ரீம் வரிசை என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஏ.ஆர் 2208 என்ற மருந்து வார்கெட் ஆயிற்று, ஏ.ஆர் 2209 எச்4350 ஆயிற்று, ஏ.ஆர் 2206எச் எச்4895 ஆயிற்று. போர்மிச்சக் கிடங்கிலிருந்து வந்த 4895 போன்ற பழைய எண்களே வெப்பத்துக்கு அசையாத புதிய மருந்துகளுக்கும் பெயராகத் தொடர்ந்தன. நெடுந்தொலைவுப் போட்டிச் சுடுநர்களிடம் வார்கெட்டும் எச்4350உம் பெற்ற செல்வாக்கு, அவை கடையில் வந்தவுடன் தீர்ந்துபோகும் அளவுக்கு வளர்ந்தது. பிற ஆலைகளும் இந்த வழியில் வந்தன. 2003இல் ஐ.எம்.ஆர் நிறுவனத்தை வாங்கிய ஹாட்ஜ்டன், 2014இல் என்டியூரான் என்ற வரிசையை வெளியிட்டது. அலையன்ட் நிறுவனம் ரீலோடர் வரிசையில் 16, 23 ஆகிய மருந்துகளை வெப்பநிலைக்கு அசையாதவை என அறிமுகப்படுத்தியது. 1920களில் அரசு ஆலையாகத் தொடங்கிய பின்லாந்தின் விக்தவூரியும் இதே நோக்கில் தன் மருந்துகளைச் செம்மைப்படுத்திவருகிறது.

இவற்றின் நுட்பங்கள் முழுமையாக வெளியிடப்படுவதில்லை. பொதுவாக அறிந்த வழிகள் மூன்று. முதலாவது, நைட்ரோகிளிசரின் இல்லாமலோ குறைத்தோ செய்வது. இரண்டாவது, தணிப்புப் பொருளை மேலே பூசி நிறுத்தாமல் மணிக்குள் திட்டமிட்ட ஆழம்வரை ஊறச் செய்வது. மூன்றாவது, மணியின் நீளம், பருமன், துளை ஆகியவற்றை மிகக் குறுகிய வேறுபாட்டுக்குள் ஒரே சீராக நறுக்குவது. வெப்பம் எரிதலை விரைவுபடுத்தும் இயற்கை விதியை இவை எதுவும் நீக்கிவிடவில்லை. பயன்படும் வெப்பநிலை எல்லைக்குள் அதன் விளைவைச் சிறிதாக்குகின்றன.

சாதாரண மருந்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணில் பார்க்கலாம். ஒரு பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் குண்டின் வேகம் நொடிக்கு ஓரடி மாறும் என்பது சாதாரண மருந்துகளுக்கு அடைப்பாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. சோதனைக்கூடத்தின் 21 பாகை செல்சியஸில் அடைத்துச் சரிபார்த்த தோட்டாவை 40 பாகை வெயிலில் சுட்டால் வேகம் நொடிக்கு முப்பத்துச் சொச்சம் அடி கூடும். 100 கஜத்தில் இது கண்ணுக்கே தெரியாது. 1,000 கஜத்தில் .308 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ ஓரடி மேலே விழும். நல்ல நிலையான மருந்தில் இந்த மாற்றம் அதன் சிறு பங்காகச் சுருங்கிவிடும்.

தேர்வின் ஒழுங்கு

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அனுபவமுள்ள அடைப்பாளர் வெப்பநிலையை முதற்படியாக வைப்பதில்லை. எரியும் வேகம் தோட்டாவுக்கும் குண்டின் எடைக்கும் பொருந்த வேண்டும் என்பதே முதல் விதி. சிறிய கூட்டுக்கும் இலேசான குண்டுக்கும் விரைவான மருந்து. பெரிய கூட்டுக்கும் கனத்த குண்டுக்கும் மெதுவான மருந்து. அடுத்து, அனுமதித்த அளவு மருந்து கூட்டைப் பெரும்பாலும் நிரப்புவது நல்லது. வெற்றிடம் மிகுந்தால் மருந்து கிடக்கும் நிலை மாறி வேகமும் மாறும். மூன்றாவதாக, அளவுகருவியில் எவ்வளவு சீராக விழுகிறது என்பது. நீண்ட குச்சி மணிகள் கருவியில் நறுக்குண்டு தடைபடும். இந்தக் குறையைப் போக்கவே குட்டையாக நறுக்கிய வகைகள் வந்தன. இவை பொருந்திய மருந்துகளுக்குள் எது வெப்பத்துக்கு அசையாதது என்று பார்ப்பதே முறை.

வெப்பநிலை எண்ணையும் ஒரே மதிப்பாகக் கொள்ள முடியாது. ஒரு தோட்டாவில் சிறிதும் மாறாத மருந்து, வேறு கூட்டிலும் வேறு எடைக் குண்டோடும் சற்று மாறக்கூடும். பிரைமர் வகையும் அதில் பங்கு கொள்ளும். ஒரே பெயரில் வரும் மருந்தும் ஆலையில் ஒரு தொகுதிக்கு இன்னொரு தொகுதி சிறிது வேறுபடும். அதனால்தான் புதிய தொகுதி வந்ததும் வெளியீட்டாளர் தந்த அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறிவருவது வழக்கமாயிற்று. உச்ச அளவுக்கருகே அடைத்த தோட்டா குளிர்நாளில் பாதுகாப்பாகத் தோன்றி, கோடையில் எல்லை கடக்கலாம். கூட்டின் அடிப்பகுதி விரிவது, பிரைமர் தட்டையாவது, தாழ் திறக்கக் கடினமாவது ஆகியவை அழுத்தம் மிகுந்ததற்கான அறிகுறிகள். ஆனால் அவை தெரியும்போது எல்லை ஏற்கெனவே கடந்திருக்கும். ஆகவே உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நின்று, சுடப்போகும் பருவத்தின் வெப்பத்திலேயே சோதித்துப் பார்ப்பதைக் கையேடுகள் வலியுறுத்துகின்றன.

காற்றின் வெப்பமும் மருந்தின் வெப்பமும் ஒன்றல்ல. வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைத்த பெட்டி, கருநிறக் குழலின் சூடேறிய அறையில் சில நிமிடம் தங்கிய தோட்டா இரண்டும் காற்றைவிட மிகச் சூடான மருந்தைக் கொண்டிருக்கும். தொடர்ந்து பல முறை சுட்டபின் அறையிலேயே தோட்டாவை விட்டுவைத்துக் குறிபார்ப்பவர், மிக நிலையான மருந்தையும் அதன் எல்லைக்கு அப்பால் தள்ளுகிறார். தோட்டாக்களை நிழலில் வைப்பதும், சுடும் கணத்தில் அறைக்குள் ஏற்றுவதும் எந்த விலை உயர்ந்த மருந்துக்கும் ஈடான காப்பு.

சேமிப்பில் முதல் தொல்லை இன்றும் மறையவில்லை. டைஃபினைலமைன் மெல்லத் தீர்ந்துகொண்டே போகும் பொருள். சூடு மிகுந்த இடத்தில் இன்னும் விரைவாகத் தீரும். மருந்தில் புளித்த அமில நெடி எழுந்தாலோ, செந்நிறப் புகையோ துருப்பொடியோ தெரிந்தாலோ அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. அதைத் தனியே பிரித்துப் பாதுகாப்பாக அழித்துவிட வேண்டும். மருந்தை ஆலை தந்த கலத்திலேயே, மூடி இறுகி, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். எரிதலின் நிலைத்தன்மை ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் தகுதி. வேதியியல் நிலைத்தன்மை அதை வைத்துக்கொள்ளும் தகுதி. இரண்டையும் தனித்தனியே கவனிப்பவரே தம் தோட்டாவின் மேல் நம்பிக்கை வைக்க உரிமையுள்ளவர்.